சி.டி.ஓ. தேவை... சாவியைக் கொடுப்பீர்களா?

வேலைவாய்ப்புத் தளம் எதையாவது திறந்து, 'சீஃப் டெக்னாலஜி ஆபீசர், சென்னை' என்று தேடிப் பாருங்கள். வருகிற விளம்பரங்களில் கம்பெனியின் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால், எது மருத்துவமனைக்கு, எது ஜவுளி ஏற்றுமதிக்கு, எது கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு என்று சொல்லவே முடியாது. 15 முதல் 20 ஆண்டு அனுபவம். பி.இ. அல்லது எம்.சி.ஏ. க்ளவுட், ஏஐ, சைபர் செக்யூரிட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று பிளாக்செயின். கூடவே 'தொலைநோக்குப் பார்வை'. கடைசி வரியில், தேவைப்பட்டால் உட்கார்ந்து கோடிங்கும் எழுத வேண்டும்.

மணமகள் தேவை விளம்பரம் இப்படித்தான் இருக்கும். பெண்ணுக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று நீளமாகச் சொல்வார்கள். மாமியார் எப்படி என்று ஒரு வரி இருக்காது. சி.டி.ஓ. வேலைக்கு உண்மையிலேயே தகுதியான ஆள் ஏற்கெனவே நல்ல இடத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டே விஷயம். இங்கே என்ன உடைந்து கிடக்கிறது? அதைச் சரிசெய்ய என் கையில் எதைக் கொடுப்பார்கள்? பெரும்பாலான ஜேடி, அதாவது வேலைக் குறிப்பு, இரண்டுக்குமே பதில் சொல்வதில்லை. பதில் இல்லாத இடத்தில் வேலை இல்லாதவர்களும், 'பார்ப்போமே' என்று எல்லாவற்றுக்கும் அனுப்புபவர்களும் வந்து குவிகிறார்கள். பிறகு ஹெச்.ஆர். துறை, 'மார்க்கெட்டில் ஆளே இல்லை சார்' என்று ரிப்போர்ட் கொடுக்கும்.

அனுபவ ஆண்டுகளை வைத்து ஆளை அளப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2020-ல் ஒரு நல்ல கூத்து நடந்தது. 'ஃபாஸ்ட்ஏபிஐ' என்ற மென்பொருள் கருவியை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்தார். அதில் ஃபாஸ்ட்ஏபிஐயில் 4 ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்டிருந்தார்கள். அவர் அதை உருவாக்கியே ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. படைத்தவனே தகுதி பெறாத வேலை! உலகமே சிரித்தது. சிரித்த கம்பெனிகள் பலவும் அடுத்த வாரம் அதே அச்சில்தான் விளம்பரம் எழுதியிருக்கும்.

என் கணிப்பில் இந்தக் கோளாறு மொழிநடையில் இல்லை. நல்ல ஆங்கிலம் எழுதுகிற கன்சல்டன்டைப் பிடித்தாலோ, சாட்ஜிபிடியிடம் கேட்டாலோ இது தீராது. சி.டி.ஓ. பதவிக்கான ஜேடியை எழுத உட்காரும்போது முதலாளி முடிவு செய்ய வேண்டியது, தன் கையில் இருக்கும் எந்தெந்த அதிகாரத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்பதைத்தான். அந்த முடிவை எடுக்காமல் தள்ளிப்போடுகிறவர்கள்தான் 'க்ளவுட், ஏஐ, பிளாக்செயின்' என்று பக்கத்தை நிரப்புகிறார்கள்.

ஒரே பதவி, இரண்டு வேலை

1994 ஆகஸ்ட். சியாட்டில் பகுதியிலிருந்து ஜெஃப் பெசோஸ் என்ற இளைஞர் இணையத்தில் ஒரு வேலை அறிவிப்பு போட்டார். அமேசான் என்ற பெயர்கூட அப்போது கிடையாது. கம்பெனி 'கடாப்ரா' என்று பதிவாகியிருந்தது. சில பத்திகள்தான். இணையத்தில் வணிகம் செய்யப்போகிறோம், சி, சி பிளஸ் பிளஸ், யூனிக்ஸ் தெரிந்த மிகத் திறமையான ஆட்கள் வேண்டும். பெரிய, சிக்கலான, ஆனாலும் பராமரிக்க முடிகிற சிஸ்டங்களைக் கட்டியிருக்க வேண்டும். கெட்டிக்காரர்களே இவ்வளவு நாள் ஆகும் என்று நினைக்கிற வேலையை, அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் முடிக்க வேண்டும். சியாட்டிலுக்குக் குடிவர வேண்டும்; செலவில் உதவுவோம்.

அதில் நான் ரசித்த வரி இன்னொன்று. வெப் சர்வரும் ஹெச்.டி.எம்.எல்.லும் தெரிந்திருந்தால் நல்லது, ஆனால் அவசியமில்லை என்றிருந்தது. இணையக் கடை தொடங்குகிறவர் இணையத் தொழில்நுட்பத்தை 'இருந்தால் நல்லது' பட்டியலில் வைக்கிறார்! ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியது எது, பத்து வருடம் கட்டிப் பழகினால்தான் வருவது எது என்று அவருக்குத் தெளிவு இருந்தது. இன்றைய ஜேடிகள் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டன. கற்றுக்கொள்ளக் கூடியவை எல்லாம் 'கட்டாயம்', தீர்ப்புத்திறன் மட்டும் 'விரும்பத்தக்கது'.

அது புரோகிராமர்களுக்கான விளம்பரம். அதே பெசோஸ் தொழில்நுட்பத் தலைவர் விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பது வேறு கதை. அமேசானின் முதல் ஊழியர் ஷெல் கஃபான். நண்பர்கள் வழியாக அறிமுகமானவர். தளத்தின் முதல் வடிவத்தைக் கட்டியதில் பெரும்பங்கு அவருடையது. 1997-ல், கம்பெனி பங்குச்சந்தைக்குப் போகிற ஆண்டில், அவருக்கு 'சீஃப் டெக்னாலஜி ஆபீசர்' பட்டம் வந்தது. கேட்க உயர்வுதான். ஆனால் அன்றாட நிர்வாகம் வெளியிலிருந்து வந்த மேலாளர்களிடம் போனது. வால்மார்ட்டிலிருந்து ரிக் டால்செல் தலைமைத் தகவல் அதிகாரியாக வந்து சேர்ந்தார். கஃபானிடம் பட்டம் இருந்தது, டீம் இல்லை. 1999-ல் அவர் வெளியேறினார்.

2005-ல் அதே அமேசான், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளராக இருந்த வெர்னர் வோகெல்ஸை சி.டி.ஓ. ஆக்கியது. அவருக்குக் கொடுத்த வேலை வேறு. தொழில்நுட்பத்தின் திசையைச் சிந்திப்பது, வெளியே போய் அமேசானின் தொழில்நுட்பத்தை விளக்குவது, வாடிக்கையாளர்களின் பிரச்னைகளை உள்ளே கொண்டுவருவது. அவர் அந்தப் பதவியில் நிலைத்தார். பதவியின் பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. உள்ளே இருந்த வேலை முழுவதும் வேறு.

சட்டத்தில் இல்லாத பதவி

சி.எஃப்.ஓ., அதாவது தலைமை நிதி அதிகாரி, என்றால் என்ன என்று சட்டத்துக்குத் தெரியும். கம்பெனிச் சட்டம் 2013-ன் 203-வது பிரிவு, பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கு மேலாண் இயக்குநர் அல்லது சி.இ.ஓ., கம்பெனி செகரெட்டரி, சி.எஃப்.ஓ. ஆகியோர் முழுநேரமாக இருந்தாக வேண்டும் என்கிறது. சி.டி.ஓ. பெயர் அந்த வரிசையில் இல்லை. கணக்கைப் போல் இதற்கென்று ஒரு பொதுப் பாடத்திட்டமோ, சி.ஏ. மாதிரி ஒரு தேர்வோ கிடையாது. ஆகவே உங்கள் கம்பெனியில் சி.டி.ஓ. யார் என்பதற்கு ஒரே அத்தாட்சி நீங்கள் எழுதும் அந்தக் காகிதம்தான்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. விற்கிற பொருளே மென்பொருள் என்றால், அதன் தொழில்நுட்பத் திசையைத் தீர்மானிப்பவர் சி.டி.ஓ. கம்பெனியின் சொந்தச் சிஸ்டங்கள், கணக்கு, சம்பளம், நெட்வொர்க் எல்லாம் ஓடவைப்பவர் சி.ஐ.ஓ. நூறு இன்ஜினீயர்களை வேலைக்கு எடுத்து, வளர்த்து, சொன்ன தேதியில் வேலையை முடிக்க வைப்பவர் வி.பி. இன்ஜினீயரிங். பாதுகாப்புக்கு சி.ஐ.எஸ்.ஓ. நம்மூர் நடுத்தர நிறுவனங்கள் இந்த நான்கையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்து, ஒன்றின் சம்பளத்தை நிர்ணயிக்கின்றன. நான்கும் ஒருவரே செய்கிற காலகட்டம் உண்டு, மறுக்கவில்லை. இருபது பேர் வேலை செய்கிற ஸ்டார்ட்அப்பில் வேறு வழியில்லை. எது முதன்மை என்று எழுதிவிட்டால் போதும்.

இவற்றைப் பிரிப்பது சம்பந்தப்பட்டவருக்கே நிம்மதி தரக்கூடும். ஸோஹோவைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் சி.இ.ஓ. பதவியிலிருந்து விலகி, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்பை ஏற்றார். ஆராய்ச்சியில் முழுநேரம் ஈடுபட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஷைலேஷ் குமார் டேவி குழும சி.இ.ஓ. ஆனார். இவ்வளவு பெரிய நிறுவனத்தின் நிறுவனரே, இரண்டையும் ஒருசேரச் சுமக்க முடியாது என்று கருதியிருக்கிறார்.

ஒரு நகைக்கடன் கம்பெனிக்கு எழுதிப் பார்ப்போம்

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நானும் அந்த விளம்பரம் மாதிரி ஆகிவிடுவேன். ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 140 கிளைகள், 1,200 கோடி ரூபாய் சொத்து, முக்கியத் தொழில் நகைக்கடன். 1,000 கோடியைத் தாண்டிவிட்டதால் ரிசர்வ் வங்கியின் கணக்கில் இது 'மிடில் லேயர்' நிதி நிறுவனம். அதனால் 2024 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த ஐ.டி. நிர்வாக விதிகள் இதற்கும் பொருந்தும். இதுவரை 'ஐ.டி. மேனேஜர்' ஒருவரை வைத்துச் சமாளித்தார்கள். இப்போது சி.டி.ஓ. தேடுகிறார்கள்.

'டிஜிட்டல் மாற்றத்தை முன்னெடுத்துச் செல்ல வல்ல தலைவர் தேவை' என்று தொடங்குவது சுலபம். நான் இப்படித் தொடங்குவேன்: 'எங்கள் கடன் மென்பொருளை 11 ஆண்டுகளுக்கு முன் ஒரு வெண்டர் செய்துகொடுத்தார். சோர்ஸ் கோட் எங்களிடம் இல்லை. தங்கம் விலை தடாலடியாக ஏறுகிற நாட்களில் காலை 11 மணிக்கு மேல் கிளைகளில் பில் போட முடிவதில்லை. நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்த விதிகளின்படி, இரண்டரை லட்சம் ரூபாய் வரை நகை மதிப்பில் 85 சதவிகிதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று கடன் வரம்பு மாறுகிறது. கடன் முடிந்தால் 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித்தர வேண்டும். எங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும். எங்கள் மென்பொருளில் இவற்றை இன்னமும் ஆட்கள் கையால் சரிபார்க்கிறார்கள்.'

இதைப் படிக்கிற தகுதியான ஆள் நிமிர்ந்து உட்காருவார். இது தன் வேலையா இல்லையா என்று அவருக்கு உடனே தெரியும். ஏஐ பற்றி மட்டும் பேச வந்தவர் நழுவிவிடுவார். அதுவும் லாபமே.

ஒரு எச்சரிக்கை. இத்தனையும் பொதுவெளியில் போகக் கூடாது. எந்தச் சர்வர், எந்தப் பழைய வெர்ஷன், எது ஒழுகுகிறது என்ற விவரங்களைத் திருட வருகிறவர்களும் வேலை விளம்பரங்களில்தான் தேடுகிறார்கள். ஆகவே ஜேடி இரண்டு தாள். வெளியே போவதில் தொழில், அளவு, பிரச்னையின் தன்மை. முதல் சந்திப்புக்குப் பின், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதில் மீதி.

அடுத்து, ஓராண்டில் என்ன நடந்திருக்க வேண்டும்? 'செயல்திறனை மேம்படுத்துதல்' என்பதை அளக்க முடியாது. 'ஆறாவது மாதத்துக்குள், தற்போதைய வெண்டருடன் தொடர்வதா, வேறு மென்பொருள் வாங்குவதா, நாமே கட்டுவதா என்று செலவுக் கணக்கோடு போர்டு முன் பரிந்துரை வைக்க வேண்டும். பன்னிரண்டாவது மாதத்துக்குள் மெயின் டேட்டா சென்டர் விழுந்தால் மாற்று இடத்திலிருந்து 140 கிளைகளையும் ஓட்டிக் காட்ட வேண்டும்.' இரண்டு போதும். பதினான்கு இலக்குகள் எழுதினால், எந்த இரண்டை முடிப்பது என்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார்.

பிறகுதான் முதலாளிக்கு வியர்க்கிற பகுதி. எத்தனை லட்சம் வரை அவர் தனியே கையெழுத்துப் போடலாம்? தன் டீமில் ஆளை எடுக்கவும் அனுப்பவும் அவருக்கு உரிமை உண்டா, அல்லது எம்.டி.யின் ஊர்க்காரரைத் தொட முடியாதா? கம்ப்யூட்டரும் பிரின்டரும் 20 வருடமாக முதலாளியின் மைத்துனர் கடையிலிருந்து வருகின்றன. அந்த ஒப்பந்தத்தை மறு டெண்டருக்கு விடலாமா? மார்க்கெட்டிங் துறை தீபாவளிக்கு ஆப் வேண்டும் என்கிறது. தயாராகவில்லை என்றால் வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? சி.எஃப்.ஓ. வழியாகப் போகாமல் போர்டை நேரடியாகச் சந்திக்க முடியுமா?

கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். மைத்துனர் கடையை மாற்ற முடியாது என்பது முடிவாகிவிட்ட விஷயம் என்றால், அதையும் நேர்முகத்திலாவது சொல்லிவிடுங்கள். சேர்ந்து மூன்றாவது மாதத்தில் தெரிந்துகொள்கிறவர் எட்டாவது மாதத்தில் லிங்க்ட்இன்னில் 'புதிய பயணம்' என்று போடுவார்.

பொறுப்பு ஒருவருக்கு, ஸ்விட்ச் இன்னொருவரிடம்

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றியது. தரவு போய்ச்சேர்ந்தது, சிஸ்டம் படுத்துவிட்டது. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதாகச் சீராக டிசம்பர் ஆனது. 2022-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு விதித்த அபராதம் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு. அதோடு விடவில்லை. 2023 ஏப்ரலில், அந்த மாற்றத்தின்போது தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்தவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் போட்டார்கள். புதிய சிஸ்டத்தை ஓட்டியது, அப்போதைய தாய் வங்கியான ஸ்பெயினின் சபாடெல் குழுமத்தைச் சேர்ந்த வேறொரு நிறுவனம். அந்த நிறுவனம் உண்மையில் தயாராக இருக்கிறதா என்று அவர் போதிய உத்தரவாதம் பெறவில்லை என்பதே குற்றச்சாட்டு.

பிரிட்டனில் 2016 முதல், வங்கியின் மூத்த அதிகாரி ஒவ்வொருவருக்கும் அவர் எதற்குப் பொறுப்பு என்று ஓர் அறிக்கை எழுதிக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொடுத்தாக வேண்டும். அங்கே வேலைக் குறிப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு வாக்குமூலத்தின் கனம் வந்துவிட்டது. குழுமத்துக்குள் இருக்கும் இன்னொரு கம்பெனியிடம் ஐ.டி. வேலையைக் கொடுத்திருக்கும் நம்மூர்க் குழுமங்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்கலாம். பங்காளி கம்பெனியை அதட்டிக் கேட்கும் அதிகாரம் சி.டி.ஓ.வுக்கு எழுத்தில் இருக்கிறதா?

இந்தியாவில் தனிநபர் அபராதம் அந்த அளவுக்கு வரவில்லை. கம்பெனிக்கு விழும் அடி பலமாகவே விழுகிறது. அடிக்கடி சேவை முடங்கியதால் 2020 டிசம்பரில் ஹெச்.டி.எஃப்.சி. வங்கி புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைச் சேர்க்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. கார்டு தடை நீங்க அடுத்த ஆகஸ்ட் ஆனது. கூடவே போட்டிருந்த மற்ற தடைகள் 2022 மார்ச்சில்தான் நீங்கின. 2024 ஏப்ரலில் கோடக் மஹிந்திரா வங்கிக்கும் ஆன்லைனில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை வந்து, 2025 பிப்ரவரியில் விலகியது. ஐ.டி. துறையில் எழுந்த பிரச்னை, விற்பனைத் துறையின் கைகளைக் கட்டிப்போட்டது.

ரிப்போர்ட்டிங் வரிசை பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. 2017-ல் அமெரிக்காவின் எக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்கள் திருடுபோயின. மென்பொருள் ஓட்டையை அடைக்கச் சொல்லி மார்ச்சிலேயே உள்ளுக்குள் மெயில் போயிருந்தது, அடைக்கப்படவில்லை. திருட்டைக் கண்காணிக்க வேண்டிய கருவியின் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் ஆகியிருந்தது. பாதுகாப்புத் தலைவர் அங்கே ஐ.டி. தலைவருக்குக் கீழே இல்லை. சட்டத்துறைத் தலைவருக்குக் கீழே இருந்தார். இரு துறைகளுக்கும் இடையே பொறுப்பு விழுந்து காணாமல் போனதை நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

நம் ரிசர்வ் வங்கியும் சி.ஐ.எஸ்.ஓ. ஐ.டி. தலைவருக்குக் கீழே இருக்கக் கூடாது என்றே விதித்திருக்கிறது. செலவைக் குறைக்க நினைப்பவரும் பாதுகாப்பைக் கேட்பவரும் ஒரே ஆளுக்குக் கீழே இருந்தால் எது வெல்லும் என்று தெரியும், விதி சரிதான். ஆனால் பிரித்துவிட்டு நிறுத்தினால் எக்விஃபாக்ஸ் கதைதான். பாதுகாப்புப் பிரிவு 'அடை' என்று சொன்ன ஓட்டையை எத்தனை நாளில் அடைப்பது, அடைக்க முடியாது என்றால் யாரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவது என்ற இரண்டு வரிகள் சி.டி.ஓ.வின் ஜேடியிலும் சி.ஐ.எஸ்.ஓ.வின் ஜேடியிலும் ஒரே வார்த்தைகளில் இருக்க வேண்டும்.

சம்பளம், நோட்டீஸ், உள்ளே இருப்பவர்

வார்த்தைகளைத் தேர்ந்தெடுப்பதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 'ஆதிக்கம்', 'ஆக்ரோஷமான தலைவர்' மாதிரியான சொற்கள் உள்ள விளம்பரங்கள் பெண்களை அவ்வளவாக ஈர்ப்பதில்லை என்று 2011-லேயே கனடா ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். இந்தப் பதவியில் பெண்கள் ஏற்கெனவே குறைவு.

சம்பளத்தை 'தொழில் தரத்துக்கு ஏற்ப' என்று மூடி வைப்பதில் யாருக்கும் பயனில்லை. வரம்பைச் சொன்னால் இரு தரப்புக்கும் மூன்று ரவுண்டு மிச்சம். பங்கு தருவதாக இருந்தால் எத்தனை சதவிகிதம், எத்தனை ஆண்டில் கைக்கு வரும், கம்பெனி விற்கப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பேச்சுக்கு விடாமல் எழுதிவிட வேண்டும். பங்குச்சந்தைக்குப் போகும் எண்ணமே இல்லாத குடும்பக் கம்பெனி ஈசாப், அதாவது ஊழியர்களுக்கான பங்கு, தருவது பெரும்பாலும் அழகான காகிதம்தான்; அவர்கள் லாபத்தில் போனஸ் என்று ரொக்கமாகவே சொல்லலாம். 90 நாள் நோட்டீஸ் என்பதால் இன்று தேர்ந்தெடுத்தவர் மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். இலக்குத் தேதிகளை அதற்கேற்ப வையுங்கள். வேலையை விட்ட பின் இரண்டு ஆண்டு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்று மிரட்டும் ஷரத்தையும் எடுத்துவிடலாம். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின் முன் அது பொதுவாக நிற்காது. விஷயம் தெரிந்தவர் அதைப் படித்துச் சிரிப்பார்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் விட்டுப்போவது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர். நம் நகைக்கடன் கம்பெனியின் ஐ.டி. மேனேஜர் 14 வருடமாக இருக்கிறார். எந்தக் கிளையில் எந்த சர்வர், வெண்டரிடம் யாரைக் கூப்பிட்டால் இரவு 10 மணிக்கும் போன் எடுப்பார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். கம்பெனி பெயரை மறைத்து விளம்பரம் கொடுத்தாலும், 140 கிளை, நகைக்கடன் என்ற இரண்டு குறிப்பில் அன்று மாலையே யாராவது அவருக்கு ஃபார்வர்டு செய்துவிடுவார்கள். விளம்பரம் போவதற்கு முன்பே எம்.டி. அவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். சி.டி.ஓ. பதவிக்கு அவரும் விண்ணப்பிக்கலாமா கூடாதா என்று நேராகச் சொல்ல வேண்டும். கூடாது என்றால் புதியவருக்குக் கீழே அவர் வேலை என்ன, எது அவர் கையிலேயே இருக்கும், சம்பளம் குறையாது என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். உடைந்திருப்பவற்றின் பட்டியலையும் அவரிடமே கேட்டு வாங்கலாம். போர்டிடம் இருப்பதைவிட நீளமான, உண்மையான பட்டியல் அவரிடம்தான் இருக்கும்.